இலங்கை மலையகத்தில் செய்தியாளராக வேலை செய்ய முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சம்பளச் சிட்டை வாசிக்கத் தெரிய வேண்டும். எழுத்து நடையெல்லாம் அப்புறம்தான். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கொழும்பில் அதோடு செய்தி முடிந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அங்கேதான் ஆரம்பம். மாதத்தில் எத்தனை 'பேர்' (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) விழுந்தது, கொழுந்து குறைவென்று எத்தனை நாள் அரைப்பேர் போட்டார்கள், ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போக, முற்பணமும் கழித்து, கைக்கு என்ன வந்தது? எல்லாம் அந்தத் துண்டுக் கடதாசியில் இருக்கும். ஒரு அக்கா நீட்டிய சிட்டையைப் பார்க்காமல், வந்த அறிக்கையை அப்படியே எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அரச அலுவலகம் வாய் திறக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள்.

பேசியவருக்கு வேலை போகும் என்றால் பெயரை மட்டும் மறைத்துப் பயனில்லை. லய இலக்கத்தையும் விட்டுவிடுங்கள், சின்னத் தோட்டத்தில் அதுவே ஆளைக் காட்டிவிடும்.

'தேசபக்தன்' பத்திரிகை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனவர். சரி, உங்களுக்கு வேடம் தேவைப்படாது. குடையும், காலில் ஏறும் அட்டைக்குத் தேய்க்கச் சவர்க்காரத் துண்டும் போதும்.