உகுலேலே பத்தி என்ன வேணா கேளுங்க

கிட்டார் மாதிரி சின்ன வாத்தியம், நாலு தந்திதானேன்னு உகுலேலே வாங்கிட்டு முழிக்கிறவங்க நெறைய பேரு இருக்கீங்க. தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

கேள்வி: அண்ணா, இது ஹவாய் வாத்தியம்தானே?

பதில்: பொறந்தது அங்கதான், விதை போர்ச்சுகலோடது. 1879 ஆகஸ்ட்ல ரேவன்ஸ்கிராக்னு ஒரு கப்பல் போர்ச்சுகலோட மடெய்ரா தீவுல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஹொனலுலு வந்துச்சு, அதுல நூனெஸ், டியாஸ், எஸ்பிரிட்டோ சான்டோன்னு மூணு மரவேலைக்காரங்க, பின்னாடி அவங்கதான் ஊர்ல வாசிச்ச மஷெட்டெ, ரஜாவ்னு ரெண்டு சின்ன தந்தி வாத்தியத்தையும் கலந்து அங்க கிடைக்கிற கோவாங்கிற மரத்துல இதை செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. ஹவாய் ராஜா கலாகவுவாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. அப்புறம் ஊருக்குப் புடிக்காம இருக்குமா?

கேள்வி: புதுசு வாங்கினேன், மேல இருக்கிற தந்தி கீச்சுன்னு கேக்குது. கடைக்காரர் மாத்தி மாட்டிட்டாரா?

பதில்: இல்ல ப்ரோ, அது அப்படித்தான், தயவுசெஞ்சு கழட்டிடாதீங்க. மேல இருந்து கீழ நாலு தந்திக்கும் ஜி சி ஈ ஏன்னு பேரு, அதுல முதல் ஜி, அடுத்த சி, ஈ ரெண்டையும் விட மேல நிக்கும். ரீஎன்ட்ரன்ட் ட்யூனிங்னு பேரு. நாலு தந்தியும் ஒரே ஸ்தாயிக்குள்ள அடங்கிடுறதாலதான் ஸ்ட்ரம் பண்ணும்போது, அதாவது எல்லா தந்தியையும் ஒண்ணா வருடும்போது, அந்த கலகல சத்தம் வருது. நெறைய பேர் வாங்கின வாரமே லோ ஜி, அதாவது கீழ் ஸ்தாயி ஜி தந்தி, மாட்டிடறாங்க, எனக்கு அது புடிக்காது, அதுக்கு சின்ன கிட்டாரே வாங்கிக்கலாமே.

கேள்வி: பாட்டு கிளாஸ் போயிருக்கேன் அண்ணா, இதுல மோகனம் வருமா?

பதில்: சூப்பரா வரும்மா. சி-ய ஸட்ஜமா வெச்சுக்கோ. சி தந்தி சும்மா தட்டினா ச, அதுல ரெண்டாவது ஃப்ரெட் (கழுத்துல குறுக்க இருக்கிற கம்பிக் கட்டு) ரி, ஈ சும்மா க, இப்ப பஞ்சமத்துக்கு அதே ஈ தந்தில மூணாவது ஃப்ரெட் போகாம மேல இருக்கிற ஜி-ய சும்மா தட்டு, ஏ சும்மா த, அதுல மூணாவது ஃப்ரெட் மேல் ச. அடுத்தடுத்த ஸ்வரம் முடிஞ்ச வரைக்கும் வேற வேற தந்தில விழுறதால ஒண்ணு அடங்குறதுக்குள்ள அடுத்தது கேக்கும், இந்த ஸ்டைலுக்கு காம்பனெல்லான்னு பேரு. ஹை ஜி இருந்தாதான் இந்த அழகு. கமகம் மட்டும் கேக்காத, சறுக்கி சமாளிக்கணும்.

கேள்வி: சோப்ரானோவா கான்செர்ட்டா?

பதில்: விரல் தடிமன்னா கொஞ்சம் பெரிய சைஸான கான்செர்ட், இல்லன்னா சின்ன சைஸ் சோப்ரானோ. ட்யூனிங் ஒண்ணுதான்.

கேள்வி: ஈ கார்டு வரவே மாட்டேங்குது, அழுகையா வருது.

பதில்: கார்டுன்னா சில ஸ்வரத்த ஒண்ணா சேர்த்து வாசிக்கிறது, எல்லாரையும் அழ வெச்ச கார்டு அது. மோதிர விரல படுக்கப்போட்டு ஜி, சி, ஈ மூணையும் நாலாவது ஃப்ரெட்ல அமுக்குங்க, ஆட்காட்டி விரல் ஏ-ல ரெண்டாவது ஃப்ரெட். அப்பவும் வரலையா, பாட்டோட சுருதிய மாத்திட்டு நிம்மதியா பாடுங்க.

கேள்வி: தந்திய மீட்டுற சின்ன துண்டு, அந்த பிக் வேணுமா?

பதில்: வேணாம். ஆட்காட்டி விரல்தான், இறங்கும்போது நகம், ஏறும்போது சதை. ஓட்டைக்கு நேரா அடிக்காம கழுத்தும் உடம்பும் சேர்ற இடத்துல அடிச்சுப் பாருங்க, சத்தம் மெத்துன்னு வரும்.

கேள்வி: இது பொம்மைன்னு ஃப்ரெண்டு கிண்டல் பண்றான்.

பதில்: 1950 வாக்குல மக்காஃபெர்ரின்னு ஒரு வாத்தியத் தயாரிப்பாளர் பிளாஸ்டிக்ல லட்சக்கணக்குல வித்துத் தள்ளினதுல வந்த பேரு அது. 2006ல யூடியூப்ல பரவுன உகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோவோட சென்ட்ரல் பார்க் வீடியோவ அனுப்பி விடுங்க.

கேள்வி: தினமும் ட்யூன் இறங்கிடுது, பீஸ் ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்ல, புது தந்தி இழுபட்டு அடங்க நாளாகும். விரலால மெதுவா இழுத்து விட்டு திரும்பத் திரும்ப ட்யூன் பண்ணுங்க. தந்தி மாத்தின அன்னிக்கே கல்யாண மேடைல ஏறிடாதீங்க.