ஒரே பல்லியா, வேறு வேறா?

கேள்வி: சுவர்ப் பல்லியும் கொல்லைத் தென்னையில் இருப்பதும் ஒன்றுபோலவே தெரிகின்றன. டிஎன்ஏ பார்கோடு பிரித்துக் காட்டுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: காட்டும். டிஎன்ஏ பார்கோடு என்பது இனத்தை அடையாளம் காட்டும் சிறு டிஎன்ஏ பகுதி. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 டிஎன்ஏ எழுத்துகளை ஒப்பிடுவார்கள். அந்தப் பகுதியை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பொதுப் பிரைமர், பல்லிகளில் சில சமயம் ஒட்டாது. அப்போது 16எஸ் என்ற இன்னொரு மைட்டோகாண்ட்ரியா மரபணு கைகொடுக்கும்.

வனத்துறை அனுமதியோடு, 3 முதல் 5 மி.மீ. வால்நுனி எடுத்தால் போதும். திசுவைப்போல் பத்து மடங்கு 95% எத்தனாலில் இட்டு, மறுநாள் மாற்றுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ துண்டாகிவிடும். ஒவ்வொரு பல்லிக்கும் கத்தரியைச் சுத்தம் செய்யாவிட்டால் மாதிரிகள் கலந்துபோகும். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரையும்.

வேறுபாடு கிடைத்ததும் புது இனம் என்று அறிவித்துவிடக் கூடாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வருவது, தந்தைவழியைக் காட்டாது. செல்லின் உட்கருவில் உள்ள மரபணுவையும், ஆண் பல்லியின் தொடையின் அடிப்பக்கத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கையையும், செதில் அமைப்பையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு.