நகையை அடகு வைக்காதீர்கள், ஆச்சி

தேவகோட்டையிலிருந்து மகளுடன் வந்த நீங்கள் ஒன்றைத்தான் கேட்டீர்கள்: பி.காம் முடித்த பெண்ணை, சென்னையிலுள்ள அம்மான் சொல்லும் டேட்டா சயின்ஸ் படிப்பில் சேர்க்க நகையை அடகு வைக்கலாமா? பதற வேண்டாம் என்று அன்று சொன்னேன். இன்று தெளிவாகச் சொல்கிறேன்: வைக்காதீர்கள்.

அந்தப் படிப்புக்கு அடித்தளம் புள்ளியியலும் நிரல் எழுதுவதும். நிரல் எழுதப் பிடிக்கவில்லை என்று உங்கள் எதிரிலேயே மகள் சொன்னாள். ஆனால் தான் பகுதிநேரமாகக் கணக்கு எழுதும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில், மூத்த ஊழியர் ஒருவருக்கு எக்செல் கற்றுக்கொடுத்ததைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

கணினித் துறை சாராத ஊழியர்களை, தங்கள் கணக்கைத் தாங்களே வரைபடமாக்கிப் பார்க்கப் பழக்குவது இன்று ஒரு தனித்திறன்; அவளுக்கு ஏற்ற வழி அதுதான். 2015இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த, கணக்கைப் படமாக்கிக் காட்டும் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ போன்ற கருவிகள், ஐடி பிரிவின் அறிக்கைக்குக் காத்திராமல் ஸ்டோர் பார்ப்பவரே விடை தேடுவதற்காக உருவானவை. ஆனால் பொத்தான்களை மட்டும் காட்டும் ஒருநாள் வகுப்பால் யாரும் கற்பதில்லை. நல்ல பயிற்சி அவரவர் பேரேட்டில் தொடங்கும். ஒரே டிசைன் மூன்று எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருப்பதையும், தேதி வெறும் எழுத்தாகக் கிடப்பதையும், பன்னிரண்டு மாதங்கள் பக்கவாட்டில் பன்னிரண்டு பத்திகளாக விரிந்திருப்பதையும் பவர் பிஐயிலேயே உள்ள பவர் குவெரி என்ற பகுதியில் சீராக்கி, டிசைனுக்கு மாதம் ஒரு வரி என்று கொண்டுவரக் கற்பிக்க வேண்டும். பிறகுதான் படம்: ஒப்பிடப் பட்டை, காலப்போக்கைக் காட்டக் கோடு. பட்டையின் அச்சு சுழியத்தில் தொடங்காவிட்டால் சிறு ஏற்றமும் பெருவளர்ச்சியாகத் தோன்றும் என்பதை, ஐந்தொகை அறிந்த பெண் சொன்னால் கணக்குப்பிள்ளை கேட்பார். கடையில் வேலை பழக வந்த பெட்டியடிப் பையன்கள், மூத்த உதவியாளரான அடுத்தாளின் அருகே அமர்ந்து தொழில் பழகிய ஊர்தானே நம்முடையது.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸ் கணினியில் இலவசம். அறிக்கைகளை நிறுவனத்துக்குள் பகிர்வதற்கான உரிமக் கட்டணத்தைக் கட்ட வேண்டியது நிறுவனம், நீங்கள் அல்ல. அதே வகைக் கருவியான டாப்லோ பப்ளிக்கும் இலவசம்தான். ஆனால் அதில் வெளியிடுவதை உலகமே பார்க்கலாம் என்பதால் பட்டறைக் கணக்கை அதில் ஏற்றவே கூடாது.

இத்தகைய பயிற்சியாளர் வேண்டும் என்று வேலை விளம்பரம் அரிதாகத்தான் வரும். கணக்கு உதவியாளராகவோ, நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிக்கும் எம்ஐஎஸ் பிரிவிலோ நுழைந்துதான் அவள் பயிற்சியாளராக வளர வேண்டியிருக்கும். கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளப் பெரிய பட்டம் இராது. அம்மானுக்கு அது குறையாகப் படலாம், அவளுக்குப் படவில்லை.

முதலாளியின் அனுமதியோடு, பட்டறையின் ஆறு மாத விற்பனைக் கணக்கை அவள் சீராக்கட்டும். அந்த மூத்த ஊழியர் அவள் துணையின்றித் தாமே ஒரு படம் போட்டுவிட்டால், அடுத்த முறை வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள்.