மன்னார் ஆயர் செய்தது அரசியலா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இலங்கையின் மன்னார் மறைமாவட்டத்தில் கத்தோலிக்க ஆயராக இருந்து மறைந்த இராயப்பு யோசேப்பு பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். பூசை, மறைக்கல்வி, பங்குகளைக் கவனிப்பது, இவைதானே ஆயரின் வேலை? அவர் அரசியல்வாதி மாதிரி பேசினார். அங்கே மடு மாதா திருத்தலத்துக்கு வருகிற சிங்களக் கத்தோலிக்கரும் மாதாவின் பிள்ளைகள்தானே? அவர் போன வழி அந்த மறைமாவட்டத்துக்குப் பொருந்தியதா?

ஆ., திருச்சி

அன்புள்ள ஆ.,

பொருந்தியது என்றே உறுதியாக நினைக்கிறேன். அவர் 1992 முதல் 2016 வரை ஆயர். அதில் பெரும்பகுதி போர்க்காலம். பிள்ளையை இராணுவம் கொண்டுபோனது, புலிகள் இயக்கம் கொண்டுபோனது என்று தாய்மார் ஆயர் இல்லத்துக்கு வந்தால், செபித்து அனுப்பிவிட்டால் போதுமா?

2011 ஜனவரியில், போர் முடிந்தபின் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் அவர் சொன்னதைப் பாருங்கள். 2008 அக்டோபர் தொடக்கத்தில் கடைசிப் போர் நடந்த வடபகுதியான வன்னியில் 4,29,059 பேர் இருந்தார்கள். இது கச்சேரிக் கணக்கு, அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தின் கணக்கு. 2009 ஜூலைக்குள் அரசின் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர், இது ஐ.நா. கணக்கு. கழித்தால் 1,46,679. இத்தனை பேரும் செத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன ஆனது, சொல்லுங்கள் என்றார். அதற்காகக் குற்றப் புலனாய்வுத் துறை அவரை விசாரித்தது. தொலைந்த ஆட்டைத் தேடிப் போகச் சொன்ன வேதத்தைப் படித்த ஒருவர், காணாமல் போனவர்களைக் கணக்கெடுத்துக் கேட்டதை எப்படி அரசியல் என்று ஒதுக்குவது? அந்த மண்ணில் அதைவிடப் பெரிய மேய்ப்புப்பணி எனக்குத் தெரியவில்லை.

சிங்களக் கத்தோலிக்கர் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது, குருக்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி. மேற்குக் கரையிலுள்ள சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக மடுவுக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்கு அது வலித்திருக்கும். சொரூபத்தைக் காப்பாற்றியது சரி. அப்புறம் அந்த மக்களிடம் அவர்கள் மொழியிலேயே இன்னும் அதிகம் விளக்கியிருக்க வேண்டும் என்று எனக்கும் படுகிறது. ஆனால் அந்தக் கடமை மன்னாருக்கு மட்டும் உரியதல்ல. வன்னியில் என்ன நடக்கிறது என்று தெற்கின் ஆயர்களும் தங்கள் பங்குகளில் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.