குதிரை இறைச்சி பயமும் குறைந்துபோன ரத்தமும்

கேள்வி: டாக்டர், நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். சூப்பர் மார்க்கெட்டில் உறைநிலையில் விற்கும் மட்டன் கபாப் பாக்கெட்டுகளை ஓராண்டாக வாங்கிப் பொரித்துச் சாப்பிடுகிறோம். லண்டனில் வேலை பார்க்கும் மகன், அங்கே ஒரு சமயம் மாட்டிறைச்சி என்று சொல்லிக் குதிரை இறைச்சியை விற்றார்கள், அதில் ரத்தத்தைக் கெடுக்கும் மருந்தும் இருந்தது என்கிறான். என் கணவருக்கு வயது 63. ரத்த அழுத்தம் உண்டு. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். போன வாரப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்திருக்கிறது. கபாப்தான் காரணமா?

பதில்: அம்மா, குதிரை கொஞ்சம் காத்திருக்கட்டும். 9.8 காத்திருக்காது. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் கீழே போனாலே ரத்தச்சோகை என்கிறோம். அறுபதைத் தாண்டிய ஆணுக்கு இவ்வளவு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் தேடுவோம். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் கபாப் அல்ல, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரும். வலியே இல்லாமலும் ரத்தம் கசியும். ரத்த அழுத்தத்தையும் அவை ஏற்றிவிடும்.

மகன் சொன்ன செய்தி உண்மைதான். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தான் சோதித்த 27 மாட்டிறைச்சி பர்கர் வகைகளில் 10இல் குதிரையின் மரபணுவும் 23இல் பன்றியின் மரபணுவும் இருந்ததாக அறிவித்தது. பெரும்பாலும் வெறும் தடயம்தான். ஒரே ஒரு பர்கர் வகையில் மட்டும் இறைச்சியில் 29 விழுக்காடு குதிரை. அடுத்த மாதம் பிரிட்டனில் விற்ற சில லசான்யா (இறைச்சி வைத்து அடுக்கிய இத்தாலிய உணவு) பாக்கெட்டுகளில் மாடே இல்லை, முழுக்கக் குதிரை என்று தெரியவந்தது.

மகன் சொல்லும் மருந்தின் பெயர் ஃபினைல்பியூட்டசோன். குதிரைகளின் கால் வலிக்குக் கொடுப்பது. ஒரு காலத்தில் மனிதர்களுக்கும் மூட்டுவலிக்குக் கொடுத்தோம். அரிதாகச் சிலருக்கு, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிட்டதால் கைவிட வேண்டியதாயிற்று. அதனால்தான் அது ஏற்றப்பட்ட குதிரையை உணவுக்கு வெட்டக்கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். பிரிட்டனில் அப்போது 206 குதிரைகளின் உடல்களைச் சோதித்ததில் 8இல் அந்த மருந்து இருந்தது. ஆனால் முழுக்கக் குதிரை இறைச்சியில் செய்த பர்கரை ஒரே நாளில் 500, 600 என்று தின்றால்தான் மனிதருக்குக் கொடுக்கும் ஒரு நாள் அளவை நெருங்க முடியும் என்று இங்கிலாந்தின் அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ் விளக்கினார். உங்கள் கணவர் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை பெரும்பாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். அதை அவர் முழு அளவில், தண்ணீர் ஊற்றி விழுங்குகிறார்.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். மஜ்ஜை பழுதானால் சிவப்பணு மட்டுமல்ல, வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) சேர்ந்தே குறையும். அறிக்கையில் அந்த இரண்டு எண்களும் சரியாக இருந்தால் இந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள்.

குதிரை இறைச்சி தன்னளவில் நஞ்சு அல்ல. பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான், கஜகஸ்தான் நாடுகளில் சாப்பிடுகிறார்கள். கொழுப்பு குறைவு, இரும்புச்சத்து அதிகம். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட்டவர்களுக்கு டிரைக்கினெல்லா புழு தொற்றியதுண்டு. நம் வீட்டுக் கீமா வேகிற வேக்காட்டுக்கு அது தாங்காது. ஆனாலும், மாடு என்று காசு வாங்கிக்கொண்டு குதிரையைக் கொடுத்தால் வரும் குமட்டலை நான் கேலி செய்ய மாட்டேன். பன்றி உண்ணாத ஒருவருக்கு ‘உடம்புக்கு ஒன்றும் ஆகாது’ என்பது பதிலே அல்ல. எந்த விலங்கு என்பதையே மறைத்தவர், எங்கே வெட்டினார், என்ன ஊசி போட்டிருந்தது என்பதையும் மறைத்திருப்பார்.

அதற்காக வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பிவிட வேண்டியதில்லை. 2018இல் சென்னை எழும்பூரிலும் 2024 ஜூலையில் நம் பெங்களூரு மெஜஸ்டிக் ரயில் நிலையத்திலும் ராஜஸ்தானிலிருந்து வந்த இறைச்சியை நாய் இறைச்சி என்று ஊரே பேசியது. வால் நீளமாக இருந்ததுதான் பெரிய சாட்சி! இரண்டு முறையும் ஆய்வகம் ஆட்டிறைச்சி என்றது. வதந்தி ஓடிய தூரம் அறிக்கை ஓடவில்லை.

இந்தியாவில் உணவுக்கான இறைச்சியாக விதிகள் ஏற்பவை ஆடு, மாடு, பன்றி இனங்கள், கோழி வகைகள், மீன் போன்றவை. குதிரைக்கு இடமில்லை. அரைத்து மசாலா சேர்த்த பிறகு எது எந்த இறைச்சி என்று நாக்கும் கண்ணும் சொல்லாது, மரபணுச் சோதனைதான் சொல்லும். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண் இல்லாவிட்டால் இவ்வளவு சிரமமே வேண்டாம், வாங்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. மூட்டுவலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் அதை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தாலோ அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இல்லையென்றாலும் இந்த வாரமே மருத்துவரிடம் மாத்திரை அட்டையோடு போய்க் காட்டுங்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தமும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால், குழாய்க் கேமராவால் இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் செய்யச் சொல்வார்கள். அதற்கு முன் இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். அதுவும் மலத்தைக் கறுப்பாக்கிக் குழப்பும்.

கபாப் பாக்கெட்டில் நான் பார்க்கச் சொல்வது சோடியம் வரியை. அந்த மில்லிகிராம் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். நாளெல்லாம் சேர்த்தே 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கபாப் வைக்கும் நாளில் அவர் தட்டில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.