சிஸ்டரிடம் கேளுங்கள்: "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரே வரி. "வீட்டுல வெச்சுப் பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க சிஸ்டர்." அந்த ஒரு வரியை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 26 வருஷம் வார்டில், அப்புறம் 9 வருஷம் சேலத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீடு வீடாகப் போய் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். மருந்தின் அளவு உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது, அதில் நான் தலையிட மாட்டேன். மற்றதைப் பேசலாம்.

மாமியாருக்கு 61 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தும் இடுப்பு எலும்புக்குப் பரவிவிட்டது. இனி பேலியேட்டிவ் ஓ.பி.க்குப் போங்கள் என்கிறார்கள். "கையைக் கழுவிட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மார்பின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது போதை மருந்து, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று எதிர்வீட்டில் சொல்வதால், வலி தாங்காமல் கத்தும்போது மட்டும் பாதி மாத்திரை கொடுக்கிறேன். சரிதானே?
— வாசகி, அம்மாபேட்டை

சரியில்லை அம்மா. ஆனால் தப்பு உங்களுடையது இல்லை, மாத்திரையைக் கையில் கொடுத்தவர்கள் கூடவே 5 நிமிஷம் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. பேலியேட்டிவ் என்பதை நம் அரசு மருத்துவமனைகளில் நோய் ஆதரவு சிகிச்சை என்கிறார்கள். நோயை விரட்ட முடியாத இடத்திலும் வலி, வாந்தி, மூச்சுத்திணறல், புண், தூக்கமின்மை, பயம் இத்தனையையும் குறைக்கலாம், அதற்கென்றே தனிப் படிப்பும் மருந்தும் இருக்கின்றன. 1967-ல் லண்டனில் இதற்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், டாக்டரானது பிற்பாடு (எங்கள் ஆள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு). கடைசி நாட்களுக்கு மட்டுமானதும் இல்லை இது. 2010-ல் அமெரிக்காவில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தவர்கள் மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவே இருந்தார்கள். அதனால் கையைக் கழுவிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், தறியை ஓட்டச் சொல்லுங்கள்.

இப்போது மாத்திரை. சாதாரண மார்பின் மாத்திரை உடம்பில் சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். வலி ஏறி உச்சிக்குப் போன பிறகு கொடுத்தால் அதை இறக்க அதிக மருந்து வேண்டியிருக்கும், பாதி மாத்திரை எந்த மூலைக்கு? அதனால்தான் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்வது, வலிக்கிறதோ இல்லையோ. பெரும்பாலும் காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10 என்று எழுதுவார்கள். ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பாக எழுதியிருந்தால் பதற வேண்டாம், நடுராத்திரி எழுப்பாமல் இருக்கத்தான். கிழித்த டெய்லி காலண்டர் தாளின் பின்பக்கம் கொடுத்த நேரத்தையும் வலி எப்படி இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த தடவை டாக்டருக்கு அந்தத் தாள்தான் ஸ்கேனைவிட உபயோகம்.

முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழிவார், கொஞ்சம் குமட்டும். வாரக்கணக்கில் தூங்காதவர், வலி விட்டதும் தூங்கத்தானே செய்வார்? அது தானாகச் சரியாகும். சரியாகாதது மலச்சிக்கல் ஒன்றுதான், அதற்கான மருந்தை மார்பினோடு சேர்த்தே தினமும் கொடுக்க வேண்டும், எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக வருகிறது என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்த நோயில் சிறுநீர்ப் பாதை அடைபட்டு கிட்னி பாதிக்கலாம், அப்போது மார்பின் உடம்பில் தேங்கும், ஆகவே சிறுநீர் குறைந்தாலும் சொல்லிவிடுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

போதை விஷயம். வலிக்காகச் சரியான அளவில் கொடுக்கும்போது அடிமையாவது அரிது, ஆயுளைக் குறைப்பதும் இல்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் லைசென்ஸ் கெடுபிடிக்குப் பயந்தே பல மருத்துவமனைகள் மார்பின் வைப்பதை விட்டுவிட்டன, 2014-ல் சட்டத்தைத் திருத்தி இலகுவாக்கினார்கள். இத்தனைக்கும் மார்பின் எடுக்கும் அபினிச் செடியை அரசு அனுமதியோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் நாமே பயிர் செய்கிறோம்! விளைவது இங்கே, வலியோடு கிடப்பதும் இங்கே.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு அம்மா, இதே மாதிரி எலும்பு வலி, புடவை நுனி பட்டாலே அலறுவார். மணி தவறாமல் கொடுத்து நான்காம் நாள் நான் போனபோது மகளிடம் அவர் கேட்டது, "தலைக்கு ஊத்தி விடுறியாடி?" சிக்குப் பிடித்த தலையில் சீயக்காய் தேய்த்து ஊற்ற முக்கால் மணி நேரமானது, அவ்வளவு நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவுக்கு 68 வயது. காபித் தோட்டத்தில் 40 வருஷம், பீடியும் அத்தனை வருஷம். நுரையீரல் கெட்டுவிட்டது, கேன்சர் இல்லை. மாதம் இரண்டு தடவையாவது 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய் அட்மிட் ஆகிறோம், அடிவாரம் வருவதற்குள் அவர் பாதி ஆளாகிவிடுகிறார். இந்தச் சிகிச்சை எங்களுக்கும் உண்டா?
— வாசகி, நாகலூர், ஏற்காடு

உண்டு. இதயம், கிட்னி, கல்லீரல் செயலிழந்தவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், மறதி நோய்க்காரர்கள், உங்கள் அப்பா மாதிரி மூச்சுக்குப் போராடுகிறவர்கள், எல்லோருக்கும் உண்டு.

குளிருக்கு அறைக்குள் கரி நெருப்பு வைக்கிறீர்களா? மலையில் நான் போன வீடுகளில் முக்கால்வாசியில் கட்டிலுக்கடியிலேயே சட்டி இருக்கும். இன்றைக்கே வெளியே எடுங்கள், அந்தப் புகையும் நச்சுக்காற்றும் கெட்ட நுரையீரலை இன்னும் கெடுக்கும், பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் தீயே பிடிக்கலாம். கம்பளியும் குல்லாவும் போதும். மூச்சு முட்டும்போது படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் ஸ்டூலில் இரண்டு தலையணை அடுக்கி அதன்மேல் கையை ஊன்றிச் சாயச் சொல்லுங்கள். சின்ன பேட்டரி விசிறியை மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராகப் பிடியுங்கள், ஏற்காடு குளிரில் விசிறியா என்று அவர் திட்டுவார், பிடியுங்கள், முகத்தில் காற்றுப் பட்டால் திணறல் உணர்வு குறையும். உதட்டைக் குவித்து, விளக்கின் சுடரை அணைக்காமல் ஆட்டுவது போல மெதுவாக ஊதச் சொல்லுங்கள். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. ஆக்சிஜன் அளவை நீங்களாகக் கூட்டக் கூடாது, இந்த நோயில் அதிகமானாலும் ஆபத்து. இதற்கும் மீறித் திணறினால் சிறு அளவு மார்பின் உதவுமா என்று டாக்டரைக் கேளுங்கள், அது வலிக்கு மட்டுமான மருந்து இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்திருப்பவர்களுக்கு வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்க்கும் நோய் ஆதரவு சேவையும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார நர்ஸிடமோ பெயரைப் பதியுங்கள், வழி தெரியாவிட்டால் 104-க்கு அடித்துக் கேளுங்கள். அவசரத்துக்கு 108-ம் மலை இறக்கமும் வேண்டியிருக்கும்தான். ஆனால் மாதம் இரண்டு என்பது குறைய வாய்ப்பிருக்கிறது.

அப்புறம், நீங்கள் ஒருத்தியாகவே பார்க்கிறீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த நோய் ஆதரவு வேலை, பின்னால் கேரளா முழுக்க அக்கம்பக்கத்து ஆட்களையே பழக்கி வீடு வீடாக அனுப்புகிற அளவுக்கு வளர்ந்தது. நம் பக்கம் எழவு வீட்டுக்கு நூறு பேர் வருவோம், படுத்திருப்பவர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார ஆள் கிடைக்காது. கூச்சப்படாமல் அத்தையையோ பக்கத்து லயன் வீட்டு அக்காவையோ கேளுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் தூங்குங்கள்.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். அவருக்குத் தெரியாது, அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் உடைந்துபோவார். எத்தனை நாள் மறைப்பது?
— கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், செவ்வாய்ப்பேட்டை

பட்டறையில் கால் கிராம் வெள்ளி குறைந்தால் கண்டுபிடிக்கிறவர், சொந்த உடம்பில் 15 கிலோ குறைந்ததைக் கண்டுபிடிக்காமலா இருப்பார்? நீங்கள் அழக்கூடாது என்று அவர் நடிக்கிறார், அவர் அழக்கூடாது என்று நீங்கள் நடிக்கிறீர்கள், இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். போட்டு உடைக்கச் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது "உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். அவரே கேட்டால் பொய் சொல்லாதீர்கள். வர வேண்டிய பாக்கி, யாரிடம் எவ்வளவு வெள்ளி நிற்கிறது, இதெல்லாம் அவர் மனசில் மட்டும் இருக்கலாம், சொல்லி முடித்தால் அவருக்கே பாரம் இறங்கும்.

கடைசியில் எனக்கு வெண்டிலேட்டர் வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்க முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி

முடியும் சார். உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பீரோவில் பூட்டாதீர்கள், பிள்ளைகளிடமும் டாக்டரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

பாட்டி 4 நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. டாக்டர் டிரிப் வேண்டாம் என்கிறார். பட்டினி போட்டுக் கொல்வதா?
— வாசகர், சூரமங்கலம்

கோபம் புரிகிறது. கடைசி நாட்களில் உடம்பே சாப்பாட்டை வேண்டாம் என்கிறது, சாப்பிடாததால் போவதில்லை, போகிற காலம் என்பதால் சாப்பிடவில்லை. அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருக்கும் சத்து சுமார் இரண்டு இட்லிக்குத்தான் வரும், அந்த நீர் நுரையீரலில் கோத்து மூச்சைத் திணற வைக்கலாம். வாய் காயாமல் பார்ப்பதுதான் இப்போது பட்டினி தீர்ப்பது. விரலில் மெல்லிய துணி சுற்றி நனைத்து ஈறையும் நாக்கையும் துடையுங்கள், உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், விழுங்க முடிந்தால் அவருக்குப் பிடித்ததில் ஒரு சொட்டு. காபிக்காரப் பாட்டி என்றால் காபி.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. 14 மார்பின் மாத்திரை மீதம் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, அயோத்தியாப்பட்டணம்

யாருக்கும் கொடுக்காதீர்கள், முதுகுவலிக்காரப் பெரியப்பா கேட்டாலும். குப்பையிலும் போடாதீர்கள். சீட்டோடு எடுத்துக்கொண்டு, வாங்கிய அதே மருத்துவமனையில் எண்ணித் திருப்பிக் கொடுங்கள். அதுவரை குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.