தில்லிக் குளிரில் கறிவேப்பிலை: வாசகர் கேள்விகள்

நவம்பர் வரை தளதளவென்று இருந்த தொட்டிக் கறிவேப்பிலை, டிசம்பர் பிறந்ததும் மஞ்சளாகி இலையெல்லாம் கொட்டிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் வைத்தேன். செடி செத்துவிட்டதா?
– வாசகி, மயூர் விஹார்

பெரும்பாலும் சாகவில்லை. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். அடித்தண்டில் பச்சை இருந்தாலே போதும், பிழைத்துவிடும். வெப்பநிலை ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழே போனாலே கறிவேப்பிலை வளர்வதை நிறுத்திவிடும். ஜனவரி இரவுகளில் 4, 5 டிகிரி வரை இறங்கும் ஊரில் அது இலையை உதிர்ப்பது இயல்புதான்.

ஆனால் அந்தத் தினசரித் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். இலை இல்லாத செடி தண்ணீரை இழுக்காது. மண் சொதசொதவென்று சில்லிட்டுக் கிடந்து வேர் அழுகும். குளிரைவிடக் குளிர்காலத் தண்ணீர்தான் இங்கே கறிவேப்பிலைக்குப் பெரிய எமன். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும், வெயில் ஏறிய பிறகு, ஒரு சொம்பு ஊற்றினால் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி பாதி வரை உரம் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். இரண்டுமே துளிரைக் கிளப்பும்; அந்தப் பிஞ்சுத் துளிர் ஒரே பனி இரவில் கருகும்.

குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால், தெற்குப் பார்த்த பால்கனிச் சுவரோரம்தான் நல்ல இடம். மொட்டை மாடியில்தான் வைக்க முடியும் என்றால், நான்கு குச்சி நட்டு அதன்மேல் இரவில் பழைய வேட்டியைப் போர்த்துங்கள். துணி இலையைத் தொடக்கூடாது. காலையில் எடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் கருகிய நுனிகளைப் பச்சைத் தண்டு வரும்வரை வெட்டுங்கள். மேல்மண்ணை ஓர் அங்குலம் கிளறி, 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கை மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் விடுங்கள். மார்ச் வெயிலில் துளிர்த்துவிடும்.

கோடையிலும் இலை மஞ்சளாகவே இருக்கிறது. மோர் ஊற்றச் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், ஜனக்புரி

எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று பாருங்கள். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுப்பகுதி வெளுத்திருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை. போர்வெல் உப்புத் தண்ணீரால் மண் காரத்தன்மை ஏறி, வேரால் அதை எடுக்க முடிவதில்லை. புளித்த மோர் அந்தக் காரத்தைச் சற்றே தணிக்கும். ஒரு டம்ளர் மோருக்குப் பத்து டம்ளர் தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கெட்டியாக ஊற்றினால் நாற்றமும் சிறு கொசுக்களும்தான் மிஞ்சும். அவசரத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதற்கு ஈடு வேறில்லை.

இலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கிறது. மறுநாள் இலையே காணோம்!
– வாசகி, ஆர்.கே.புரம்

அது எச்சமில்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான். வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு இரண்டை நீட்டி வாடை விடும். கடிக்காது. கையால் பொறுக்கினாலே தீர்ந்தது, மருந்து தேவையில்லை.

திருச்சியிலிருந்து விதை வரவழைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.
– வாசகர், கரோல் பாக்

காய்ந்த கறிவேப்பிலை விதை முளைப்புத் திறனைச் சீக்கிரமே இழந்துவிடும். கறுத்துப் பழுத்த பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, சில நாட்களுக்குள் அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். விதையைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட, மழைக்காலத்தில் நர்சரியில் 'மீட்டா நீம்' (கறிவேப்பிலைக்கு இந்திப் பெயர்) என்று கேட்டு ஓரடிச் செடியாக வாங்குவது எளிது. முதல் குளிருக்குள் வேர் பிடித்துவிடும். வாங்கும்போது ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். மணம் இல்லாத செடி பெரிதானாலும் மணக்காது.

குளிர்காலத்துக்கு இலையைச் சேமிப்பது எப்படி?
– வாசகி, முனிர்கா

கிளை நுனியைக் கிள்ளுவதை செப்டம்பரோடு நிறுத்துங்கள். அக்டோபரில் அடிப்பக்க ஈர்க்குகளை மட்டும் முழுசாக ஒடித்தெடுங்கள். கழுவி, துணியில் பரப்பி, நிழலில் சருகாகக் காயவிட்டு டப்பாவில் மூடலாம். பொடியாக்கியும் வைக்கலாம். அழுத்தி அளந்த இரண்டு கப் இலைக்குக் கால் கப் உளுத்தம்பருப்பு, இரண்டு மேஜைக்கரண்டி கடலைப்பருப்பு, ஆறு வரமிளகாய், கொட்டைப்பாக்களவு புளி, கொஞ்சம் பெருங்காயம், உப்பு. இலையை எண்ணெயில்லாமல், சின்னத் தீயில், கையில் நொறுங்கும்வரை வறுங்கள். துளி ஈரம் இருந்தாலும் மிக்சியில் கட்டி தட்டும், சில நாளில் பூசணம் பூக்கும். பருப்பையும் மிளகாயையும் தனியாக வறுத்து, எல்லாம் நன்றாக ஆறியபின் இலை தவிர மற்றவற்றை முதலில் அரைத்து, இலையைக் கடைசியில் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.